ஆனைக்குழி ஏற்றத்தில் எழுந்திருக்காத மாடம்மாள்

மலையையே நாற்காலியாக்கி வீற்றிருக்கும் தலைவர் ஆனந்தகிருஷ்ணன் அவர்களே, வயதில் பழுத்த பெரியவர்களே, வண்டியைப் பிடிக்கவே விடியலை எழுப்பிவிடும் தாய்மார்களே, பின்னால் நின்று விசிலடிக்கும் பங்காளிகளே, வணக்கம்! மேடைக்கு வலப்பக்கம் கம்பீரமாக நிற்கும் நம் பஸ்ஸே, உனக்கும் வணக்கம்!

நம் ஆனைக்குழியின் மக்கள் தொகை எவ்வளவு? நானூற்றுப் பன்னிரண்டு! என்ன ஷிஜி, கையை ஆட்டுகிறாய்? ஆமாம், உன் மடியில் தூங்கும் பச்சைக் குழந்தையோடு நானூற்றுப் பதின்மூன்று! கோடிக்கணக்கில் மக்கள் வாழும் நாடுகள் உண்டு. அத்தனை பேர் பெயரும் அங்கே எவனுக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும்! சிரிக்காதீர்கள், அந்தக் குழந்தைக்குப் பெயரே நான்தான் வைக்கப் போகிறேன்.

இத்தனை பேருக்கு வெளியுலகம் போக வழி எத்தனை? ஒன்று. வண்டி எத்தனை? ஒன்று! காலை ஐந்தரைக்குக் குழியை விட்டுக் கிளம்பி, ஏற்றம் ஏறி, வித்துரா டவுனைத் தொட்டு, தலைநகரத்துப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் போய் மூச்சு வாங்கும் வண்டி!

நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றத்தில் பழைய வண்டி பின்னோக்கி உருண்டது. தோள் கொடுத்து நிறுத்தியது யார்? இந்தத் தாணுலிங்கத்தின் தோள்! அன்று நான் சொன்னேன், இனி அடிவாரத்தில் எல்லோரும் இறங்குவோம் என்று. இறங்கினோம். ரப்பர் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் நடந்து உச்சியில் ஏறிக்கொண்டோம். வண்டிகள் மாறின. வழக்கம் மாறவில்லை.

போன மாதம் நம் பஸ்ஸில் ஆள் எண்ண ஓர் அதிகாரி வந்தார். நான்கு நாள் எண்ணுவார். ஆள் குறைந்தால் வண்டி அடியோடு நிற்கும். அவர் உட்கார்ந்தது எங்கே? ஏற்றத்தின் நட்டநடுவில், பிச்சுமணியின் டீக்கடையில்! மூன்று நாளும் வண்டி அவரைக் கடந்தது. மூன்று நாளும் எழுதினார்: பயணிகள் இல்லை!

“ஆளெல்லாம் தோட்டம் வழியா நடந்து போறாங்க சாரே!” என்று கெஞ்சினார் பிச்சுமணி.

“கண்டதைத்தான் எழுத முடியும். நான் கண்டது காலி வண்டி.”

நான்காம் நாள். அடிவாரத்தில் வண்டி நின்றது. பிச்சுமணி சொல்லி விஷயம் தெரிந்திருந்தும் எங்கள் கால்கள் தாமாக எழுந்தன, ஐயா! ஒருத்தி மட்டும் எழவில்லை. கழக்கூட்டம் ஹாஸ்டலில் மதியச் சோறு பொங்கும் மாடம்மாள். வண்டி நின்றால் அவள் வேலை போகும், மகள் ஆர்ஷாவின் நர்ஸிங் படிப்பும் போகும்.

“எறங்குங்கக்கா, வண்டி இழுக்காது” என்றார் டிரைவர் சுனில்.

“இழுத்தாலும் சரி, இழுக்காட்டாலும் சரி. இன்னைக்கு எறங்குனா நாளைக்கு ஏற வண்டி இருக்காது, கேட்டியளா!” என்றவள், படியில் ஒரு கால் வைத்துவிட்ட என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, உம்ம பேச்சக் கேட்டுத்தான நாப்பது வருசமா நடக்கோம்? அந்தக் கால உள்ள எடும்!”

எடுத்தேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். வண்டி உறுமியது. முதல் வளைவு, ஏறியது! இரண்டாம் வளைவு, ஏறியது! மூன்றாவதில் நான் ஜன்னலைப் பார்த்தேன். பனிக்கு அடியில் நம் ஊர் உள்ளங்கை அளவில் கிடந்தது. நாற்பது ஆண்டு தலை குனிந்து நடந்தவனுக்கு அன்றுதான் தெரிந்தது, நம் ஊர் இவ்வளவு அழகென்று!

டீக்கடையில் அதிகாரியின் கிளாஸ் உதட்டருகே நின்றுவிட்டது. ஏறி எண்ணினார். ஐம்பத்தெட்டு!

“இவ்வளவு பேரும் எங்கேயிருந்து வந்தீர்கள்?”

“இங்கதான் சார் இருந்தோம்” என்றாள் மாடம்மாள்.

நேற்றுக் கடிதம் வந்துவிட்டது. வண்டி நிற்காது! கைதட்டல் எனக்கு வேண்டாம், மூன்றாம் வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாளே, அவளுக்குத் தட்டுங்கள்!

சுனில் ஹாரன் அடிக்கிறார், மாலை வண்டிக்கு நேரம். வித்துரா போகிறவர்கள் ஏறிக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன். அடிவாரத்தில் யார் கால் எழுந்தாலும் பக்கத்தில் இருப்பவர் பிடித்து உட்கார வையுங்கள். முதலில் என் காலைப் பிடியுங்கள். கேட்டிருந்த நானூற்றுப் பதின்மூன்று பேருக்கும் நன்றி, வணக்கம்!