மூங்கில் மாவு

நீங்கள் கொடுத்த தேநீரில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் மலைப்பக்கத்தில் தேநீருக்குச் சர்க்கரை போடுவதில்லை.

மூங்கிலிலும் இனிப்பு உண்டு. வெட்டியதும் ஆற்றுச் சேற்றில் மூன்று மாதம் ஊறப்போட்டால் அந்த இனிப்பு கரைந்துவிடும். போடாவிட்டால் அதைத் தேடி வண்டு வந்து துளைக்கும். அரிசியளவுகூட இராது. அதைத் திட்டக் கூடாது. காட்டில் பட்டுப்போன மூங்கிலையெல்லாம் தூளாக்கி மண்ணுக்குத் திருப்பித் தருவது அதுதான். இல்லையென்றால் புது முளைக்கு இடமேது? காட்டு மூங்கில் வேறு, பாலத்து மூங்கில் வேறு என்று அதற்கு யார் சொல்வது?

முப்பது வருடமாக எங்கள் ஊர்ப் பாலத்தைக் கட்டுகிறவன் நான்; ஊரே என்னை 'மாங்', அதாவது மாமா, என்றுதான் கூப்பிடும். போன வருடம் அதைப் புதுப்பிப்பதற்காக நடந்த ஊர்க்கூட்டத்தில், மூன்று மாதம் வேண்டும் என்றேன். ஊர்த்தலைவர் ஜுஹானா கேட்டார்:

"மாங் ஓஹிம், மூங்கில ஊறப்போடுறீங்களா, ஊறுகா போடுறீங்களா? சாயத்த அடிச்சு மாட்டுங்க, போதும்."

எனக்கு வருத்தமில்லை. சிரித்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். என் மனைவி தித்தின் சிரிக்கவில்லை.

அவர் சொன்னபடியே மாட்டினேன். ஐந்தாம் மாதம் தாங்குமூங்கில்களிலிருந்து நடைபாதையில் வண்டு துளைத்த மாவு கொட்டத் தொடங்கியது. தினமும் விடியலில் பெருக்கி ஆற்றில் தள்ளினேன். துளைகளை மெழுகால் அடைத்து, மேலே சாயம் தடவினேன். தலைவர் மனைவி ஈமாஸ் ஒருநாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க வீட்டு வாசலக்கூட இப்படிப் பெருக்கமாட்டீங்க போலிருக்கே, மாங்!"

நல்ல பெண்.

வெள்ளிக்கிழமை அக்கரைப் பள்ளிவாசலில் தொழுகைக்குத் தலைவர் முன்னால் நடப்பார், பாலம் லேசாக முனகும், எல்லார் முன்னிலும் அவர் தலைகுனிவார். நான் நினைத்தது அவ்வளவுதான். வியாழனன்றே பெண்கள் ஓதப் புறப்பட்டார்கள். தித்தினிடம், "ஆத்துல தண்ணி கம்மி, இறங்கியே போ" என்றேன்.

"புதுப்பாலம் இருக்கறப்ப நான் ஏன் துணிய நனைச்சுக்கணும்?"

"சொன்னாக் கேளு. இறங்கிப் போ."

அவள் முணுமுணுத்தபடி இறங்கிப் போனாள். மற்ற ஒன்பது பேர் பாலத்தில் ஏறினார்கள். ஈமாஸ்தான் முன்னால். தண்ணீர் கம்மி என்பதால் கீழே வெறும் பாறை.

மற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். கூட்டத்தில் சொன்னேனே, ஐயா. சொன்னதையே திருப்பிச் சொல்லி யாரையும் நச்சரிக்கிற பழக்கம் எனக்கில்லை.