பிரிஸ்காவைக் கப்பலேற்றிய ஒரு வரி

மேடையில் அமர்ந்திருக்கும் ஜூனோ தேவி கோயில் பூசாரி அம்மா அவர்களே, ஈமச் சங்கத் தலைவர் அவர்களே, மகளை இழந்து நிற்கும் அவிலியுஸ் ஐயா அவர்களே, என் ஆசிரியர் அர்ட்டெமோன் அவர்களே, துறைமுகத் தெருப் பெரியவர்களே, பாடற்குழுத் தோழிகளே, உங்கள் எல்லோருக்கும் நுமிசியாவின் வணக்கம்.

குழுவின் தலைவி இறந்தால் அவளுக்கு அடுத்து நிற்பவள் பேச வேண்டும் என்பது நம் வழக்கம். அதனால்தான் பதினான்கு வயதுக்காரி ஒருத்தி இத்தனை பெரியவர்கள் முன்னால் நிற்கிறேன். என் ஆசிரியர் அழகான உரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். நான் படிப்பது அதை அல்ல. இது மூன்று இரவுகளாக, அப்பா தூங்கிய பிறகு, விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு மெழுகுப் பலகையில் நானே எழுதியது. வெளிச்சம் போதாததால் எழுத்து கோணலாக இருக்கிறது. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கன்னியர் பாடற்குழுத் தலைவி அவிலியா பிரிஸ்கா இறந்த செய்தி வந்து இன்று ஒன்பதாம் நாள். காலையில் கல்லறைச் சாலையில், வெறும் குழியின் முன் நின்று அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டோம். புதைக்க உடல் இல்லை. கரை ஒதுங்கிய அவளுடைய தையல் பெட்டியைத்தான் புதைத்தோம். இப்போது அவிலியுஸ் ஐயாவின் வீட்டில், ஒன்பதாம் நாள் விருந்தாக, நம் முன்னால் முட்டையும் பருப்பும் உப்பும் இருக்கின்றன. யாரும் சாப்பிடவில்லை.

அவள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? போன வருடம் ஊர்வலத்தன்று கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். வரிசையில் கடைசிச் சின்னப்பெண்ணின் செருப்பைச் சேறு இழுத்துக்கொண்டது. பிரிஸ்கா தன் செருப்பைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, கோயில் மேடு முழுவதும் வெறுங்காலோடு ஏறினாள். பாட்டில் ஒரு சொல் தவறவில்லை. மறுநாள் அவள் காலைப் பார்த்தேன். இரண்டு பாதமும் கிழிந்திருந்தன. "வலிக்குதாடி?" என்றேன். "வலிக்குது. அதுக்காகப் பாட்டை நிறுத்த முடியுமா, பின்னாடி இருபத்தாறு பேரு வர்றீங்க?" என்றாள்.

மாலுமிகளின் மனைவிகளே, உங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் யார்? மீன்கடை அக்கா ஒருநாள் வந்து, "எம் புருஷனுக்கு நல்லா நாலு திட்டு எழுது தாயி" என்றார். பிரிஸ்கா எழுத்தாணியை எடுத்தபடி, "நாலு போதுமாக்கா? பலகையில இடம் நிறைய இருக்கு" என்றாள். அக்கா சிரித்து, பிறகு அழுது, கடைசியில் திட்டே இல்லாத ஒரு கடிதம் போனது. அந்தப் புருஷன் திரும்பி வந்தார். இதோ, தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இனி நான் எழுதப் பயந்த இடம்.

நம் ஊரை நிறுவிய வீரன் வெல்கோனின் காவியம் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு நல்ல வீட்டிலும் அதை எழுதிய சுருள் பெட்டிக்குள் இருக்கிறது. ஊர் கட்டப் பிறந்தவன் அவன். வழியில் ஒரு தீவில் ஒருத்தியோடு ஏழு வருடம் வாழ்கிறான். வயல் உழுகிறான், சுவர் பூசுகிறான், சிரிக்கிறான். பிறகு ஒரு பறவை இடமிருந்து வலமாகப் பறக்கிறது. விதி கூப்பிட்டுவிட்டது என்று எழுந்து போகிறான். அவளுக்குக் காவியம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

வெல்கோன் விடைபெறும் பேச்சை எங்கள் சொந்தச் சொற்களில் எழுதச் சொன்னார் ஆசிரியர். நாங்கள் எல்லோரும் விதியையும் கண்ணீரையும் போட்டு எழுதினோம். பிரிஸ்காவின் வெல்கோன் மட்டும் போகவில்லை. படகிலிருந்து மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, "பறவைக்கு இரை வேணும், அதான் பறக்குது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஆலிவ் கன்று நடப் போனான்.

ஆசிரியர் கேட்டார்: "அப்ப இந்த ஊரை யாரும்மா கட்டுவா? உங்கப்பாவா?"

வகுப்பே சிரித்தது. அவள் உட்காரவில்லை. "ஊரு இல்லாட்டி என்னங்கய்யா? ரெண்டு பேரு நல்லா இருந்திருப்பாங்கள்ல?"

"காவியத்துல ஒருத்தன் நல்லா இருந்துட்டா கதை அன்னிக்கே முடிஞ்சிடும். உக்காரு."

ஆசிரியர் சொன்னது பொய் இல்லை. காவியத்துக்கு அது சரி. ஆனால் நாம் காவியத்தைப் பெட்டிக்குள் விட்டுவைத்தோமா? முடிவெடுக்க முடியாத நாளில் சுருளை எடுக்கிறோம். ஒரு பெண்பிள்ளையின் கண்ணைக் கட்டி விரல் வைக்கச் சொல்கிறோம். விரல் விழுந்த வரி விதியின் பேச்சு. ஒரே ஒரு வரி. அதற்கு மேலே படிக்கக் கூடாது, கீழே படிக்கக் கூடாது. வீட்டுத் தலைவர், "இவ்வளவுதானா?" என்று மூன்று முறை கேட்பார். விரல் வைத்தவள் மூன்று முறை, "இவ்வளவுதான்" என்று சொன்னால் முடிந்தது. யாருக்காகக் கேட்கிறார்களோ அவள் வாய் திறக்கக் கூடாது.

பிரிஸ்காவுக்காக விரல் வைத்தவள் நான்.

ரொட்டிக் கடைக்காரரின் மகன் அட்டியுஸ் அவளைப் பெண் கேட்டிருந்தான். அவளுக்கும் விருப்பம். ஆப்பிரிக்காவிலிருந்து, அவள் பார்த்தே இராத ஒரு தானிய வியாபாரியும் கேட்டிருந்தார். இங்கேயே கொடுப்பதா, கப்பலேற்றுவதா? அவிலியுஸ் ஐயா முடிவெடுக்கவில்லை. சுருளை எடுத்தார். என் விரல் விழுந்த வரி இது:

"பாயை விரியுங்கள், குளிர்காலம் வீரருக்காகக் காத்திராது."

இவ்வளவுதானா என்று ஐயா கேட்டார். எங்களுக்குக் காவியம் மனப்பாடம். அடுத்த வரி எனக்குத் தெரியும்:

"என்று கத்திய மாலுமியை முதல் அலையே கொண்டுபோயிற்று."

வெல்கோன் சொன்ன வரி அல்ல அது. தெய்வம் சொன்ன வரி அல்ல. மூழ்கப்போகிற ஒரு முட்டாள் சொன்ன வரி. பிரிஸ்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். பெரியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கத்தை மீறினால் தெய்வம் நாக்கை அறுக்கும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இவ்வளவுதான் என்றேன். இவ்வளவுதான் என்றேன். மூன்றாம் முறை குரல் வரவில்லை. தலையை ஆட்டினேன். அதுவும் செல்லும் என்றார்கள்.

நவம்பர் மாதம். கடல் மூடும் காலம், புயலுக்குப் பயந்து யாரும் கப்பல் விடமாட்டார்கள். கப்பல் தலைவர் மறுத்துப் பார்த்தார். "வரி சொல்லிடுச்சாமே? அப்ப அந்த வரியை அலைகிட்டயும் ஒருதரம் படிச்சுக் காட்டுங்க சாமி" என்றார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். காவியத்தைக் கேலி செய்கிறான் என்றார்கள். இறந்தவர்களில் அவரும் ஒருவர்.

படகுத்துறையில் பிரிஸ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "மன்னிச்சிடுடி. எனக்குப் பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் பயமில்லையா? அடுத்த வரி எனக்கும் தெரியும்ல? ஆனா நான் சொன்னா, மாப்பிள்ளை பிடிக்காம சொல்றான்னுவாங்க. நீ சொல்லியிருந்தா விதி சொன்ன மாதிரி." பிறகு என் கன்னத்தைத் துடைத்தாள். "சரி விடு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. அங்க போனதும் உனக்கு ஒரு குரங்கு அனுப்புறேன். அது உன்னைவிட நல்லாப் பாடும்."

அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. கப்பல் கிளம்பிய ஆறாம் நாள் அதன் பலகைகள் கரைக்கு வந்தன. அட்டியுஸ் அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் கரையோரமாக நடந்து தேடுகிறான். எதைத் தேடுகிறான் என்று யாரும் அவனைக் கேட்பதில்லை.

நீங்கள் எல்லோரும் அவள் விதி என்கிறீர்கள். ஒன்பது நாளாக அதையே கேட்கிறேன். கடலுக்குள் அவளைத் தள்ளியது விதியா? சுருளைத் திறந்தவர் ஒருவர். விரல் வைத்தவள் ஒருத்தி. சுற்றி நின்றவர்கள் முப்பது பேர். அதில் பாதிப் பேருக்கு அடுத்த வரி மனப்பாடம். ஆசிரியர் அவர்களே, எங்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள். நீங்களும் அன்று இந்தக் கூடத்தில் இருந்தீர்கள். வெல்கோன் போனதால் ஓர் ஊர் கிடைத்தது என்கிறீர்கள். பிரிஸ்கா போனதால் யாருக்கு என்ன கிடைத்தது?

அவிலியுஸ் ஐயா, உங்களைக் காயப்படுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் இரவெல்லாம் முற்றத்தில் நடப்பதை எங்கள் மாடியிலிருந்து பார்க்கிறேன். ஆனால் ஆப்பிரிக்காக்காரருக்காக, நம் துறைமுகத்தில் இருக்கும் அவருடைய ஆள் இப்போது உங்கள் இளைய மகள் போலாவைக் கேட்டு வந்திருக்கிறார். இந்த விருந்து முடிந்ததும் சுருளைத் திறக்கப் போகிறீர்கள். அதோ, வீட்டுத் தெய்வங்களின் மாடத்தில் பெட்டி தயாராக இருக்கிறது. போலாவுக்குப் பதின்மூன்று வயது. அக்காவுக்காக வைத்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உரிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்றும் விரல் வைக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். என் விரலுக்கு ராசி இருக்கிறது என்று என் அப்பாவிடம் சொன்னீர்களாம்.

இறந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லி முடிப்பது இந்த மாதிரிக் கூட்டத்தின் முறை. பிரிஸ்காவின் பணி என்ன? பாட்டா? அதை நாங்கள் பாடுவோம். கடிதங்களா? அதை நான் எழுதுவேன். ஆனால் அவள் எனக்கு விட்டுப்போன வேலை ஒன்று இருக்கிறது. அன்று நான் செய்யாமல் விட்ட வேலை.

ஐயா, நான் விரல் வைக்கிறேன். எந்த வரி விழுந்தாலும் அதன் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் படிப்பேன். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, சொன்னவனுக்கு என்ன ஆயிற்று என்று பத்தி முடியும்வரை உரக்கப் படிப்பேன். இவ்வளவுதானா என்று நீங்கள் மூன்று முறை கேட்டால், மூன்று முறையும் இல்லை என்பேன். பிறகு போலாவிடம் என்ன வேண்டும் என்று கேட்பேன். இதற்காக என் அப்பா இன்று என்னை அடிப்பார் என்று தெரியும். இந்தப் பலகையையும் உடைப்பார். பரவாயில்லை.

கன்னியர் பாடற்குழுத் தோழிகளே, தலைவியின் நினைவுக்காக எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்லி முடிக்கும்படி ஆசிரியரின் உரையில் இருக்கிறது. எழுந்து நில்லுங்கள். மௌனம் வேண்டாம், நாம் ஏற்கெனவே ஒருமுறை காத்துவிட்டோம். எழுந்து போலாவின் பக்கத்தில் வந்து நில்லுங்கள். தனியாக என்னால் முடியாது. யாராவது ஒருத்தி முதலில் எழுந்திருங்கள்.