கை நடுங்கும் ஹீரோ

பல் பிடுங்கிக்கொள்ளப் போகிற பயத்தில் டவுன்ஷிப் பஸ்ஸின் ஜன்னல் கம்பியை நெரித்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஷிப்டுக்குப் போகிற இருவர். இளையவர்தான் ஆரம்பித்தார்.

“பையனுக்கு வாங்கின டிவிடி சரியில்லண்ணே. ஹீரோவுக்குக் கை நடுங்குது.”

“பழைய கார்ட்டூன்ல அவன் மலையவே தூக்குவானேடா?”

“அதே ஆளுதான். இப்ப முதல்லேர்ந்து புதுசா எடுத்திருக்கானுங்க. டிஸ்க்தான் கோளாறுன்னு மாத்தப் போனேன். கடைக்காரரு போட்டுப் பாத்துட்டு, ‘கதையே அப்படித்தாங்க, உசரத்துல ஏறுறதுக்கு முன்னாடி நடுங்குவான்’னாரு.”

“அப்ப குப்பைன்னு சொல்லு.”

“படமெல்லாம் நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். பையன் அந்த எடத்தையே திருப்பித் திருப்பிப் பாக்குறான். ஏன்டான்னா, ‘இன்னிக்கு நீயும் அப்படித்தாம்பா ஷூ லேஸ் கட்டின’ங்கிறான்.”

நான் கம்பியிலிருந்து கையை எடுத்துப் பையின் கீழே ஒளித்துவைத்தேன்.

“மிஷின்மேல ஏறுற ஏணியிலேர்ந்து விழுந்து ரெண்டு மாசம் லீவுல கெடந்தவன் நீ,” என்றார் மூத்தவர். “மொத நாளே மேல ஏறணுமா? கீழ வேலை கேட்டுப் பாக்கட்டுமா?”

“வேணாண்ணே. நடுங்கிக்கினே ஏறிடுறேன். நீங்க மட்டும் கீழ நின்னு பாத்துக்கினு இருக்காதீங்க.”