இரண்டாயிரம் அடிக்குக் கீழே

இங்கிலாந்து மேலிருந்து பார்க்க அழகான நாடு. வயலுக்கு வயல் செடிகளால் வரப்பு கட்டியிருக்கிறார்கள். ஓட்டு வீடுகள் வரிசை தப்பாமல் நிற்கின்றன. நான் அங்கே போனதில்லை. மராத்திக்காரர்கள் ஊரான நிக்டியில், என் இரண்டாவது மாடி வீட்டில், பதினேழு அங்குலத் திரையில் பார்த்ததோடு சரி. ஆனாலும் போய்வந்தவர்களைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் ஜம்புநாதன். இங்கே ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை யாரும் இதுவரை எதுவும் விசாரிக்கவில்லை. ஒருநாள் விசாரிக்கலாம். அப்போது பதற்றத்தில் முன்னுக்குப்பின் உளறிவிடக் கூடாதே என்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு கேம்ப் பஜாரில் கடை கடையாக ஏறி உதிரிப் பாகங்கள் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தேன். அதில் விமானம் ஓட்டப் பழகினேன். அதை விளையாட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. தரை பொய். ஒரே பச்சைத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டித் தரை என்று விரித்திருப்பார்கள். எந்த நாட்டுக்கு மேலே பறந்தாலும் அதே மரம், அதே தெரு.

கீழ்வீட்டில் கல்யாணசுந்தரம் இருந்தார், இன்றும் இருக்கிறார். அதே தொழிற்சாலையில் ஹாமர் ஷாப்காரர். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சதச் சுத்தியல் அடிக்கிற இடம் அது. முப்பது வருஷம் அதன் பக்கத்தில் நின்றதில் இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டன. வேலையில் இருந்தபோது நாங்கள் பேசிக்கொண்டதில்லை, டிராயிங் ஆபீஸ் ஆட்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம். அவர் மனைவி அபயாம்பாள், மகள் சியாமளா ஒன்பதாவது படிக்கும்போதே காலமாகிவிட்டார். சியாமளா நர்ஸுக்குப் படித்து, 2002இல் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

அதன் பிறகுதான் அவர் என் வீட்டுப் படி ஏறினார். சனிக்கிழமைதோறும் மகளின் ஈமெயில் என் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தது. அவள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவாள். அவருக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் ஓடும். அதனால் நான் அவள் கடிதத்தை ஒரு நோட்டில் தமிழில் எழுதிக் கொடுப்பேன். அவர் சத்தமாகப் பதில் சொல்வார், நான் தட்டி அனுப்புவேன். நானும் அவரும் பேசிக்கொள்வதும் அப்படித்தான். என் பங்கு நோட்டில், அவர் பங்கு கட்டடத்துக்கே கேட்கும்.

தினமும் மதியம் இரண்டு மணிக்கு வருவார். என் வீட்டு அழைப்புமணியை அழுத்துகிற மனிதர் அவர் ஒருவர்தான். அது அடிக்கிறதா என்று அவருக்குத் தெரியாது என்பதால் நான் கதவைத் திறக்கும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

2004 பிப்ரவரியில் சியாமளா ஓர் உபகாரம் செய்தாள். நிஜ விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களையே தரையாக விரிக்கிற சிடிகள் அங்கே கிடைக்கின்றன என்று நான் கேட்டிருந்தேன். லீவில் வந்த தன் தோழி வைஷாலியிடம் ஆறு சிடிகளைக் கொடுத்தனுப்பினாள். வைஷாலி பக்கத்து ஊர் சிஞ்ச்வட்காரி, மராத்திப் பெண், அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். ஒவ்வொரு சிடியும் ஏறுவதற்கு முக்கால் மணி பிடித்தது. கல்யாணசுந்தரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

விமானம் மேலே ஏறியது. ஒவ்வொரு தெருவும் வேறு தெரு. ஒவ்வொரு மரத்துக்கும் தன் நிழல்.

"சார், இதுல எது நம்ம சியாமளா இருக்கிற எடம்?" என்று கத்தினார்.

காகித வரைபடத்தை வைத்து ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பின்னால் நீளமாக மூன்று கட்டடங்கள் இருந்தன. நர்ஸ்கள் விடுதி எதுவென்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நடுவில் இருந்ததைக் காட்டினேன். அவர் திரையில் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்க சார். ஜன்னல் தெரியுதான்னு பாப்போம்."

அது முடியாது. இந்த மாதிரித் தரை இரண்டாயிரம் அடிக்கு மேலேதான் நிஜம். அதற்குக் கீழே இறங்கினால் வீடுகள் தட்டையாகிவிடும், மரங்கள் கறையாகிவிடும். இதை நோட்டில் எழுதிக் காட்டினேன். சரி, மேலேயே சுற்றுவோம் என்றார். தினமும் அந்த விடுதிக்கு மேல் நான்கைந்து வட்டம் அடிப்போம்.

"இந்தக் காருங்க ஏன் நவுராமலே நிக்குது?" என்று ஒருநாள் கேட்டார்.

"போட்டோ" என்று எழுதினேன்.

"டிசம்பர்ல அங்க பனி கொட்டும்னு எழுதினாளே, இங்க எல்லாம் பச்சையா இருக்கே?"

"கோடையில் எடுத்த போட்டோ."

"அதுவும் நல்லதுதான். பாவம், குளிராது."

நான் முதலில் மாற்றியது ஒரு சின்ன விஷயம். பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது என்று அவள் எழுதியிருந்தாள். அவர் தூங்கமாட்டார் என்று அதை விட்டுவிட்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அந்த வருஷக் கடைசியில், அப்பாவை இங்கேயே அழைத்துக்கொள்ளப் போகிறேன், பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள் மாமா என்று எழுதினாள். எனக்குப் பயமாக இருந்தது. அவர் போய்விட்டால் இரண்டு மணி ஆகும், மூன்று மணி ஆகும், வாசல் மணி அடிக்காது. நான் நோட்டில் எழுதியது, 'இப்போது லீவு கிடைக்காது அப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பது. அவர் சொன்னதாக அவளுக்கு எழுதியது, 'எனக்குக் குளிர் ஆகாதும்மா, நான் இங்கேயே இருக்கிறேன்' என்பது. இரண்டு பேருக்கும் வருத்தம்தான். ஆனால் தாங்கக்கூடிய வருத்தம்.

2005 ஜூலையில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். 'மாமா, அப்பாகிட்ட மெதுவா சொல்லுங்க. ஒரே தடவையில சொல்லாதீங்க, தாங்கமாட்டார். எப்படியாவது கூட்டிட்டு வந்து விட்டுடுங்க. எனக்கு அவரைப் பார்க்கணும்.' பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அவளே பூர்த்தி செய்து தபாலில் அனுப்பியிருந்தாள். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் அதைக் கிழிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். முதல் வாரம் 'லேசாகக் காய்ச்சல்' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் மேலே வரவில்லை, பிள்ளையார் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை 'காய்ச்சல் சரியாகிவிட்டது' என்று எழுதினேன். வந்துவிட்டார்.

நடுவில் ஒருமுறை அவள் என் வீட்டுக்குப் போன் செய்தாள். மணி இரண்டே கால், அவர் பக்கத்திலேயே இருந்தார். ரிசீவரை வாங்கி, எதுவும் கேட்காது என்றாலும் வழக்கம்போல் தன் பேச்சைப் பேசினார். "சியாமளா! சாப்டியாம்மா? நான் ஜோரா இருக்கேன். இங்க செம மழை. காந்தா பஜி சாப்டேன், அருமையா இருந்துது. உடம்பப் பாத்துக்கோ." காந்தா பஜி என்பது வெங்காய பஜ்ஜி. சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார். மறுநாள் அவள் எழுதியிருந்தாள்: 'மாமா, அப்பா என் நோயைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே.' சில பேரால் அதைப் பேச முடியாதும்மா, நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று பதில் போட்டேன். அது பொய் இல்லை. பொதுவாக உண்மையான விஷயம்தான்.

2006 மார்ச்சில் வைஷாலியின் ஈமெயில் வந்தது, ஆங்கிலத்தில். சியாமளா அதிகாலை நான்கு மணிக்குப் போய்விட்டாள். உடலை அனுப்பவா, அங்கேயே தகனம் செய்துவிடவா, அப்பாவின் விருப்பம் என்ன என்று கேட்டிருந்தாள். அங்கேயே முடித்துவிடுங்கள் என்று அவர் பெயரில் எழுதினேன். அன்றும் இரண்டு மணிக்கு மணி அடித்தது. நாங்கள் பறந்தோம். வானிலை தெளிவாக வைத்திருந்தேன்.

சனிக்கிழமை நோட்டில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு கஷ்டமாக இல்லை. அவள் எழுதுகிற தோரணை எனக்கு அத்துப்படி. கடந்த ஒன்பது மாதங்களில் அவளுக்கு வார்டு மாற்றிக் கொடுத்தேன், ஒரு சமையல் வகுப்பில் சேர்த்தேன், நல்ல ஷூ வாங்கிக் கொடுத்தேன். அவள் முன்பு எழுதியவற்றைவிட இந்தக் கடிதங்கள் நீளம். அவரே சொன்னார், "இப்பத்தான் சார் மனசு விட்டு எழுதுறா."

போன ஞாயிற்றுக்கிழமை வைஷாலி வந்தாள், சியாமளாவின் பெட்டியோடு. முதலில் என் வீட்டுக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. பெட்டியை இங்கேயே வைத்துவிடு, அவரிடம் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறேன் என்றேன். ஒரு ஸ்வெட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே போனோம். அவரைப் பார்த்ததும் அந்தப் பெண் அவர் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் பேசும் மராத்தி அவர் காதில் விழாது. "அங்கிள், நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும்" என்று இந்தியில் சொன்னாள். கடைசி இரண்டு நாள் சியாமளா அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் வராததில் அவளுக்குக் கோபமே இல்லை, இதை எழுதுங்கள் என்றாள்.

நான் நோட்டை எடுத்து எழுதினேன். 'வைஷாலியின் அம்மா காலமாகிவிட்டார். அதற்காக வந்திருக்கிறாள். இந்த ஸ்வெட்டர் சியாமளா உங்களுக்குக் கொடுத்தனுப்பியது.'

கல்யாணசுந்தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. அவள் தலையில் கை வைத்து, "ரடூ நகோ, போரி" என்றார். அழாதே பெண்ணே என்று அர்த்தம். அவள் இன்னும் அதிகமாக அழுதாள். இந்த வயதில் இப்படி ஒரு மனோபலமா என்று படியேறும்போது என்னிடம் சொன்னாள். இத்தனை நாள் அவரைப் பார்த்துக்கொண்டதற்காக என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். ஸ்வெட்டரை அணிந்திருந்தார். பெண்பிள்ளை ஸ்வெட்டர், தோள் போதவில்லை.

"பாவம் சார் அந்தப் பொண்ணு, எப்படி அழுதா பாத்தீங்களா? நம்ம சியாமளாவை அவளுக்கு ரெண்டு வரி ஆறுதலா எழுதச் சொல்லுங்க. அம்மா இல்லாத கஷ்டம் அவளுக்குத் தெரியும்."

சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பதில் வந்துவிடும்.