காலி டப்பா

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆலைக் கேண்டீனில் கவுனி அரிசி இனிப்பு போடுவார்கள், இன்ஸ்பெக்டர் அய்யா. அன்று ஒரு மணிக்கு மணி அடித்தால் ஒருவரும் இருக்கையில் இருக்க மாட்டார்கள்.

நான் கோபிநாத். காரைக்குடிக்கு வெளியே, சிறிய சரக்கு வேன் செய்கிற ஆலையில் சோதனைப் பிரிவின் பொறுப்பாளன். வேனின் புகைக்குழாயில் ஒரு டப்பா இருக்கும். அதற்குள் இருக்கிற வடிகட்டிதான் விஷத்தை முறிக்கும். சான்றிதழுக்கு அனுப்பும் வேனில் அதை முறையாக வைப்போம். விற்கிற வேன்களில் டப்பா மட்டும்தான். உள்ளே ஒன்றும் இருக்காது. ஏழு வருடமாக அப்படித்தான். யோசனை என்னுடையது.

நூறு வருடம் கரியைக் கக்கிப் பணக்காரனான நாடுகள் புகைக்கு விதி எழுதுகின்றன. டெல்லி அதைப் படியெடுத்து அனுப்புகிறது. பெரிய கம்பெனிகள் சமாளித்துக்கொள்ளும். நானூறு குடும்பம் சாப்பிடுகிற எங்கள் ஆலையைப் பற்றி எந்த விதியிலும் ஒரு வரி கிடையாது. நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் நான் சத்தம் போடுகிறவன் அல்ல.

துர்காதேவி என்னிடம் வேலை பார்த்த பெண். கோவிலூர்க்காரி, இருபத்தாறு வயது. ஒரு வேனின் டப்பாவை அறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை என் மேசை முன் வந்து நின்றாள்.

“உள்ள ஒண்ணுமே இல்லயே சார். தெரிஞ்சேதான் செய்றீகளா?”

“ஊருக்குச் சோறு போடுற ஆலைம்மா இது.”

“எங்கம்மா பஸ் ஸ்டாண்டுல நம்ம வேனுக நிக்கிற எடத்துலதான் பூ விக்குது. இருமி இருமி இப்ப ரத்தமா துப்புது. அதுக்கு என்ன சோறு சார் போட்டீக?”

விற்பனைக்குப் போகும் வேனின் புகையை அளந்து, திங்கட்கிழமை சிவகங்கைக்குப் போய்க் கலெக்டரிடம் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

“தாராளமா அளந்துக்கம்மா,” என்றேன்.

சோதனை அறைக்கு ஜன்னல் இல்லை. வேனை ஓடவிடும் பொத்தானும், புகையை இழுத்து வெளியேற்றும் விசிறியின் பொத்தானும் அறைக்கு வெளியே என் மேசையில் இருக்கின்றன. அவள் உள்ளே போனதும் வேனையும் விசிறியையும் ஓடவிட்டேன். ஒரு மணி அடித்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கதவுக்கு வெளியே தாழ் போட்டேன். விசிறியை நிறுத்தினேன். வேனை நிறுத்தவில்லை.

“சார், ஃபேன் நின்னுபோச்சு,” என்றாள் முதலில். ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். பிறகு கதவைத் தட்டினாள்.

“தொறங்க சார். அம்மா தனியா இருக்கும் சார்.”

நான் மேசையை விட்டு எழவில்லை.

தட்டுவது நின்ற பிறகும் இருபது நிமிடம் காத்திருந்தேன். வேனை நிறுத்தி விசிறியைப் போட்டு, அறை தெளிந்ததும் உள்ளே போனேன். கதவோரம் கிடந்தாள். கையில் அளவுத்தாள். எழுத்து கோணும்வரை எண்களை எழுதியிருந்தாள். அதைக் கிழித்தேன். புதுத் தாளில் விதி அனுமதிக்கும் எண்ணை எழுதி, அவள் கையெழுத்தையும் போட்டேன்.

விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் மட்டும்தான் வெளித்தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டீர்கள்.

தாழ் போட்டது நான்தான். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அந்தத் தாளைப் பாருங்கள், அய்யா. அந்த அளவுப் புகையில் ஒரு ஆள் சாக வழியே இல்லை.