தூக்கு வேணாம்னு ஒரு கையெழுத்து

அட, உக்காருங்க வக்கீலம்மா, எதுக்கு எந்திரிக்கிறீங்க? இன்னிக்கு சண்டைக்கு வரல. ஆமா, போன மாசம் உங்க கூட்டத்துல மைக்கப் பிடுங்கிக் கத்தினவன் நான்தான். பழைய ஃபிரிட்ஜ் கடைக்காரன். இல்லேங்கல. கொலைகாரனுக்குத் தூக்கு வேணாம்னு கையெழுத்து வாங்குறீங்கல்ல, அந்தப் பேப்பர எடுங்க. போடத்தான் வந்திருக்கேன்.

சிரிக்காதீங்க. ஆனா ஒண்ணு, சட்டம் வெள்ளிக்கிழமைக்குள்ள மாறணும். அன்னிக்கு என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்.

வருஷக்கணக்கா ஆகுமா? என்னங்க இது! சரி, சட்டத்த விடுங்க. ஒரு ரெண்டு வருஷம் யாரையும் தூக்குல போடாம நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. ஒரு வருஷம்? அதுவும் உங்க கையில இல்லையா? பின்ன உங்க கையில என்னதாங்க இருக்கு?

பேரம் பேசலீங்க, கேக்குறேன்.

கொள்கைன்னு பாத்தா நான் இப்பவும் அந்தக் கட்சிதான். கொன்னவனத் தொங்க விடணும். நீங்க ஆயுள்ங்கிறீங்க. அதுலயும் ஒழுங்கா நடந்துக்கிட்டா தள்ளுபடின்னு வெளிய விடுறீங்க. கதவு துருப்பிடிச்ச ஃபிரிட்ஜுக்கே நான் தள்ளுபடி குடுக்க மாட்டேன், நீங்க கொலைக்குக் குடுக்குறீங்க!

தப்பான ஆளத் தூக்குல போட்டுட்டாவா? ம்... அது ஞாயந்தான். நான் வித்த ஃபிரிட்ஜு ரெண்டே நாள்ல திரும்பி வந்துடுது. போன உசுரு வராது. ஒத்துக்கறேன். ஆனா நான் வந்தது அதுக்காக இல்ல.

சொல்றேன், அவசரப்படாதீங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க.

மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். ஜெயில்ல. தங்கமான பையன். வீட்டுக்குள்ள பல்லி வந்தா அடிக்க மாட்டாரு, ஜன்னலத் தொறந்து வெச்சு, போயிடு சாமின்னு கெஞ்சுவாரு. என்ன வேலை தம்பின்னு கேட்டேன். வேலையே வர்றதில்ல மாமா, சம்பளம் மட்டும் மாசாமாசம் வந்துடும்னாரு. எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. ஃபிரிட்ஜு தூக்கியே முதுகு ஒடிஞ்சவன் நான். அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்கல. பழைய சாமான் வாங்குறவன் பின்பக்கம் திருப்பிப் பாக்காம வாங்குவானா? வாங்கிட்டேன்!

நிச்சயம் போன வாரமே நடந்திருக்கணும். அதுக்கு மொத நாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாரு. டிவியில ஒருத்தன் ரெண்டு பேரக் கொன்னுட்டுப் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கிறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சு, இவனையெல்லாம் நாளைக்கே தூக்குல போடணும்டான்னு கத்தினேன்.

மாப்பிள்ளை டம்ளரக் கீழ வெச்சாரு. நாளைக்கு வேணாம் மாமா, நாளைக்கு நிச்சயதார்த்தம், லீவு போட்டிருக்கேன்னாரு.

ஆமாங்க. அதே வேலைதான்.

இதுவரைக்கும் ஒரு ஆளக்கூடத் தூக்குல போட்டதில்லையாம். மணல் மூட்டையத் தொங்க விட்டுப் பழகச் சொல்வாங்களாம். அன்னிக்கு முழுக்க சோறு இறங்காதாம். மூட்டைக்கே இப்படி!

எனக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லி நிச்சயத்தத் தள்ளி வெச்சேன். பொண்ணு முன்னாடி வந்து நின்னா. போடு போடுன்னு ஊரு பூராக் கத்துற, போடுறவருக்குப் பொண்ணு மட்டும் குடுக்க மாட்டியாப்பான்னு கேட்டா. கடைத்தெருவுல என் வாய அடைக்க ஆள் கிடையாது, தெரியும்ல? அப்படிப்பட்டவன், காய்ச்சல்னு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டேன். நீ வந்தாலும் வராட்டியும் வெள்ளிக்கிழமை நிச்சயம் நடக்கும்னு சொல்லிட்டா. கல்யாணத்த நிறுத்த முடியாது. தூக்கையாவது நிறுத்தினா, மாப்பிள்ளைய ஜெயில் தோட்ட வேலைக்கு மாத்திடுவாங்களாம்.

எங்க போடணும்? இங்கயா?

அப்புறம் வக்கீலம்மா, அரசாங்கத்துல வேலை பாக்குறவங்க இதுல கையெழுத்துப் போடலாமா? இல்ல, வாசல்ல நிக்கிறாரு. அவரும் போடணுமாம்.