தெங்கேரா கடை மீன் குழம்பு

புலாவ் செபாங்கிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“டிவி சமையல்காரர் வந்து எங்க வீட்டுக்காரரை அடுப்படியை விட்டே வெளியாக்கிட்டாருக்கா.”

“அடப்பாவமே! தெங்கேராவுல உங்க சாப்பாட்டுக் கடையைத் தூக்கி நிறுத்தத்தானே வந்தாரு?”

“ஆமாக்கா. கூட்டமே இல்லாம கெடந்துச்சில்ல. மீன் கொழம்பை வாயில வச்சாரு, ஒரே உப்பு. அப்புறம் இவருகிட்ட ரெண்டு கிளாஸ் தண்ணி கொடுத்தாரு. ஒண்ணுல உப்பு, ஒண்ணுல சீனி. இவரு ரெண்டும் வெறும் தண்ணிதானேங்கிறாரு.”

“ஐயோ!”

“போன வருசம் காய்ச்சல் வந்ததிலேருந்து நாக்குல ருசியே தெரியலையாம். என்கிட்டகூட சொல்லலை. அந்தச் சமையல்காரரு உடனே கேமராவை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு. டிவியில அதைக் காட்டவே இல்ல லா.”

“இப்ப யாரு சமைக்கிறா?”

“நான்தான். அவரு மீன் வெட்டிக் கொடுக்குறாரு. ஆளுங்க மறுபடி வர ஆரம்பிச்சிட்டாங்க.”

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவரு எப்படி இருக்காரு?”

“தினமும் கேப்பாரு, இன்னிக்குக் கொழம்பு எப்படி இருந்துச்சுன்னு.”

“நீ என்ன சொல்லுவ?”

“உங்க கைப்பக்குவம் எனக்கு வரலைங்கன்னு சொல்லுவேன்.”